அளந்தவர் வரவில்லை

காலை பத்து இருபதுக்கு அந்த நட்சத்திரத்தை விசாரணைக்கு அழைத்தார்கள்.

நட்சத்திரம் வர முடியாது. அதன் சார்பில் அதை அளந்தவர்கள் வர வேண்டும். நிறுவனத்தின் முறை அது. நீள மேசையின் அந்தப் பக்கம் இசைவுக் குழு உட்கார்ந்திருந்தது. இந்தப் பக்கம் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் வயசு சார் உட்கார்ந்திருந்தார். மற்றது காலி.

"வயது அளந்தவர்?" என்று கேட்டார் குழுத் தலைவர்.

"வந்திருக்கேன்."

"இரும்பு அளந்தவர்?"

தலைவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"இரும்பு அளந்தவர் வந்திருக்காங்களா?"

"இறந்துட்டாங்க சார்," என்றார் வயசு சார். "நீங்ககூட வீட்டுக்கு வந்திருந்தீங்க."

"ஆமா, ஆமா. ரொம்ப வருத்தம்." தலைவர் பக்கத்தில் இருந்த நிர்வாக அதிகாரியின் காதருகே சாய்ந்தார். "இதை எப்படிக் குறிக்கறது?"

நிர்வாக அதிகாரி தன் திரையைப் பார்த்தார். வந்தார், வரவில்லை, விடுப்பு என்று மூன்று கட்டங்கள்தான் இருந்தன.

"விடுப்பு சொல்லிட்டுப் போனாங்களா?"

"இல்லைங்க."

"அப்ப வரலைன்னுதான் போட முடியும்." அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "மூணு தடவை வரலைன்னா நட்சத்திரத்தை அட்டவணையில இருந்து நீக்கணும். இது முதல் தடவைதான். மனசைத் தளர விடாதீங்க. இன்னும் ரெண்டு இருக்கு."

அது பெரிய நிறுவனம். நாம் இருக்கும் பால்வீதி எப்படி உருவானது என்று கண்டுபிடிப்பது அதன் வேலை. பால்வீதிக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. அதில் இருக்கும் நட்சத்திரங்களைத்தான் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். எப்போது பிறந்தாய், எந்த வாயுவில் பிறந்தாய் என்று இரண்டு கேள்விகள். முதல் கேள்விக்கு வயசு ரூம். அடுத்ததற்கு இரும்பு ரூம்.

வயசு ரூமில் நடுக்கத்தைப் பார்ப்பார்கள். நட்சத்திரம் சும்மா இருக்காது, நடுங்கிக்கொண்டே இருக்கும். நடுக்கத்தை வைத்து எடையைச் சொல்லலாம். எடையை வைத்து வயதைச் சொல்லலாம். கனமான நட்சத்திரம் சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடும். கனமாகவும் இருக்கிறது, இன்னும் எரிந்துகொண்டும் இருக்கிறது என்றால் அது இளசு.

இரும்பு ரூமில் ஒளியைப் பிரித்துப் பார்ப்பார்கள். ஆதியில் இரும்பு கிடையாது. முதல் தலைமுறை நட்சத்திரங்கள் வெடித்துச் செத்து, பின்னால் வந்தவற்றுக்கு விட்டுப் போன சொத்து அது. இரும்பு குறைவு என்றால் வெகு காலத்துக்கு முன் பிறந்தது. இரும்புக்கும் மெக்னீசியத்துக்கும் உள்ள விகிதம் ஒவ்வொரு விண்மீன் மண்டலத்துக்கும் ஒரு மாதிரி. அதைப் பார்த்தால் எந்த வீட்டில் பிறந்து எந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தது என்று தெரிந்துவிடும். எங்கே ஓடினாலும் பிறந்த வீட்டுச் சாப்பாடு உடம்பில் நிற்கும்.

வயசு ரூமின் பொறுப்பாளரை எல்லோரும் வயசு சார் என்றார்கள். இரும்பு ரூமின் பொறுப்பாளரை இரும்பம்மா என்றார்கள். இருவரும் கணவன் மனைவி. நிறுவனத்துக்கு இது தீராத தலைவலி.

ஏனென்றால் ஒரு அறையின் விடை இன்னொரு அறைக்கு முன்கூட்டித் தெரியக் கூடாது. தெரிந்தால் மனம் அந்தப் பக்கம் சாயும். நல்ல விதிதான். வேலை தெரிந்த யாரோ நல்ல எண்ணத்தில் போட்டது. நிர்வாகத்தின் கைக்குப் போன பிறகு அது வளர்ந்தது. இரண்டு அறைக்கும் நடுவில் சுவர் வந்தது. சுவரில் தலை மட்டும் நுழையும் அளவுக்கு ஒரு இரும்பு ஜன்னல். ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் தாழ்ப்பாள். இருவரும் தங்கள் விடையைக் கணினியில் போட்டுப் பூட்டிய பிறகுதான் தாழ்ப்பாளை எடுக்கலாம்.

வயசு சார் முடித்ததும் ஜன்னலில் தட்டுவார்.

"நான் சொல்லிட்டேன்மா. நீ சொல்லு."

"இருங்க. என்ன பறக்கறீங்க? எப்படியும் அது நம்மளைவிட மூத்தது. கொஞ்சம் பொறுக்கும்."

பிறகு அந்தப் பக்கத் தாழ்ப்பாள் நகரும் சத்தம். ஜன்னல் திறக்கும். முதலில் அவள் மூக்குக் கண்ணாடி தெரியும்.

வீட்டிலும் நட்சத்திரங்களைப் பற்றிப் பேசுவதில்லை என்று இருவரும் மாதாமாதம் நிர்வாக அதிகாரியின் முன்னால் நின்று உறுதி சொன்னார்கள். ஒரு வருடம் அவர்களுடைய விடைகள் அத்தனையும் ஒத்துப்போய்விட்டன. உடனே கசிவு விசாரணை வைத்தார்கள்.

"வீட்டுல என்ன பேசிக்குவீங்க?" என்று கேட்டார் நிர்வாக அதிகாரி.

"பால் தீர்ந்துடுச்சும்பேன்," என்றாள் இரும்பம்மா.

"அப்புறம்?"

"வாங்கிட்டு வருவார்."

"மொட்டைமாடியில உக்கார்றதுண்டா?"

"உண்டு."

"வானத்தைப் பார்ப்பீங்களா?"

"மேலதான இருக்கு."

"பார்த்துட்டு?"

"கொசு கடிக்குதுன்னு கீழ வந்துடுவோம்."

கொசு எந்தப் பக்கம் இருந்து வந்தது என்பது வரை அவர் கேட்டுக் குறித்துக்கொண்டார். அதன் பிறகு ஊழியர்கள் தம்பதியாக மொட்டைமாடி ஏறுவதற்கு முன் அனுமதி பெற வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது.

நிறுவனத்தில் அந்த விதியை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. மற்ற அறைகளில் டீ குடிக்கும்போதே விடைகளைப் பேசி முடித்துவிடுவார்கள். இவர்கள் இரண்டு பேர்தான் நம்பினார்கள். ஒரே போர்வைக்குள் படுத்துக்கொண்டு, ஆளுக்கொரு நட்சத்திரத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டு, கரண்டு பில் பற்றிப் பேசினார்கள்.

மழை விட்ட சமயத்தில் இரும்பம்மா ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். போவதற்கு முன் ஒரு நட்சத்திரத்தை அளந்து, விடையைப் பூட்டி, தன் பக்கத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போனாள். அதன் நடுக்கத்தை அவர் இன்னும் பார்த்து முடிக்கவில்லை.

ஒரு சாயங்காலம் கண் விழித்தாள்.

"என்னங்க."

"சொல்லும்மா."

"அந்த நட்சத்திரம் இருக்கே..."

அவர் சட்டென்று கையைத் தூக்கினார். "வேண்டாம்மா. நான் இன்னும் வயசு சொல்லல."

அவள் சிரித்தாள். சிரிக்க மூச்சு போதவில்லை.

"சரி. முதல்ல நீங்க சொல்லுங்க."

அவர் சொல்வதற்குள் அவள் போய்விட்டாள்.

எல்லாம் முடிந்து வேலைக்கு வந்தபின் அவர் அந்த நட்சத்திரத்தைப் பார்த்து முடித்தார். கனமானது. எனவே இளசு. விடையைப் போட்டுப் பூட்டினார். பூட்டியதும் அவளுடைய விடை திறந்தது. இரும்பு இல்லவே இல்லை என்று சொல்லலாம். மெக்னீசியம் அதிகம். அவள் கணக்கில் அது பால்வீதியிலேயே மூத்த நட்சத்திரங்களில் ஒன்று. பிறந்ததும் இங்கே இல்லை. வேறு ஏதோ சின்ன மண்டலத்தின் பிள்ளை.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அவர்கள் இவ்வளவு தூரம் முரண்பட்டதில்லை.

முரண்பாடு என்றால் இசைவுக் குழு. நிறுவனத்தின் அட்டவணையில் முரண்பாடே கிடையாது என்பதில் எல்லோருக்கும் பெருமை. முரண்பட்ட நட்சத்திரங்களை நீக்கிவிடுவார்கள். நீக்கினால் அளவுகளும் சேர்ந்து போகும். அவள் கடைசியாக அளந்தது அது. அது நிற்க வேண்டும். வயசு சாருக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

முதல் விசாரணை முடிந்த அன்று மகள் வந்திருந்தாள். அவள் பல் டாக்டர். அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"மூணு தடவை அம்மா வரலைன்னா நீக்கிடுவாங்களா? நிஜமாவே அப்படியா சொன்னாங்க?"

"வருத்தப்பட்டுத்தான் சொன்னாங்க."

"உங்களுக்குக் கோவமே வரலையாப்பா?"

"விதிம்மா."

"விதி, விதி. உலகத்துல உங்க ரெண்டு பேருக்கும் பேசிக்க ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. அதைப் பேச மாட்டோம்னு மாசாமாசம் போய்ச் சொல்லிட்டு வந்தீங்க. நான் ஊர்ல இருக்கறவங்க வாயையெல்லாம் திறக்க வைக்கிறேன். உங்க ரெண்டு பேர் வாயைத்தான் என்னால திறக்க முடியல."

அவர் ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொன்னார். சொல்லி முடித்ததும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். மகள் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

"அம்மா வேற ஏதாவது சொல்ல வந்திருக்கலாம்," என்றாள். "தலையணையை உயர்த்தி வையுங்கன்னு."

"'அந்த நட்சத்திரம் இருக்கே'ன்னு ஆரம்பிச்சா."

மகள் எழுந்து போய்த் தண்ணீர் எடுத்து வந்தாள். பேச்சை மாற்றுவதற்காகத்தான் மேலே பேசினாள்.

"அதுல அப்படி என்னதான் சிக்கல்? அம்மா கெழடுன்னாங்க, நீங்க இளசுன்றீங்க. என்கிட்ட வர்றவங்கள்லயும் உண்டு. ஆளைப் பார்த்தா ஒரு வயசு, பல்லைப் பார்த்தா ஒரு வயசு. வாயைத் திறந்து பார்த்தா அது அவங்க பல்லே இல்ல."

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"என்னப்பா?"

"அது அதோட எடையே இல்ல," என்றார்.

அவருக்குத் தெரியாத சங்கதி இல்லை. துறையில் எல்லோருக்கும் தெரியும். இத்தனை நாள் மனம் அந்தப் பக்கம் போகவில்லை, அவ்வளவுதான். நட்சத்திரங்கள் பல ஜோடியாகப் பிறக்கும். ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே இருக்கும். சில சமயம் நெருங்கி நெருங்கி, ஒன்று மற்றதை விழுங்கிவிடும். இரண்டு எடையும் ஒன்றில் சேரும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒரு நட்சத்திரம்தான் தெரியும். கனமாகத் தெரியும். எனவே இளசாகத் தெரியும். இரும்பு மட்டும் பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கும்.

"அப்ப அம்மா சொன்னது சரியா?"

"அவ சொன்னது சரி. நான்தான் தப்பு."

"அம்மாவுக்கு இது தெரிஞ்சிருக்குமா? இதைத்தான் சொல்ல வந்தாங்களா?"

அவருக்குத் தெரியாது.

இரண்டாம் விசாரணைக்கு இயக்குநரே வந்திருந்தார். பால்வீதியின் அமைதி வரலாறு என்ற கொள்கை அவருடையது. நிறுவனத்தின் வாசலில் அதைக் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள்.

"இரும்பு அளந்தவர்?"

காலி நாற்காலியை எல்லோரும் பார்த்தார்கள். நிர்வாக அதிகாரி "வரவில்லை" என்று தட்டினார்.

"சார், தப்பா எடுத்துக்கக் கூடாது," என்றார் குழுத் தலைவர். "ரெண்டு விடைக்கும் இவ்வளவு தூரம் இருக்கறதால கேக்கறேன். கடைசிக் காலத்துல உங்களுக்குள்ள ஏதாவது மனஸ்தாபம் உண்டா?"

"இல்லைங்க."

"சின்னச் சின்னப் பேச்சு?"

"பேச்சே இல்லைங்க. நீங்க பேசக் கூடாதுன்னுட்டீங்க."

"நல்லது. அது சரியாத்தான் நடந்திருக்கு." தலைவர் திருப்தியோடு சாய்ந்துகொண்டார்.

வயசு சார் எழுந்து நின்று விளக்கினார். அந்த நட்சத்திரம் கிழடுதான். இரும்பு அளந்தவர் சொன்னதே உண்மை. அது தன் துணையை முழுங்கிவிட்டது. அதனால்தான் எடை கூடி, இளசுபோல் நிற்கிறது.

இயக்குநர் மெதுவாகக் கை நீட்டித் தண்ணீர் குடித்தார்.

"'முழுங்கிச்சு'ங்கற வார்த்தையை நாம பயன்படுத்தறதில்லை," என்றார்.

"நடந்தது அதுதான் சார்."

"நடந்தது வேற. நம்ம வரலாறு வேற. பால்வீதி யாரையும் முழுங்கலை. சின்னச் சின்ன மண்டலங்கள் எல்லாம் தானா வந்து இதோட இணைஞ்சுது. எந்தச் சத்தமும் இல்லை. எந்த எதிர்ப்பும் இல்லை."

"அந்த மண்டலமெல்லாம் இப்ப எங்க சார்?"

"நமக்குள்ளதான் இருக்கு. சௌக்கியமா இருக்கு. நம்ம நிறுவனத்தையே பாருங்களேன். மலை மேல இருந்த அந்தச் சின்னத் தொலைநோக்கி நிலையத்தை இணைச்சுக்கிட்டோம். அங்க வேலை பார்த்தவங்க ஒருத்தராவது குறை சொல்லியிருக்காங்களா?"

"அவங்க யாரும் இப்ப வேலையில இல்லையே சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

குழு தலையாட்டியது. இயக்குநருக்குப் பேச்சு சூடு பிடித்துவிட்டது.

"ஒரு நட்சத்திரம் தன் ஜோடியை முழுங்கும்னு இன்னிக்கு ஒத்துக்கிட்டா, நாளைக்கு ஒரு மண்டலம் இன்னொண்ணை முழுங்கும்னு சொல்லுவாங்க. அப்புறம் பெரிய நிறுவனம் சின்ன நிறுவனத்தை... வேண்டாம். உங்க துக்கம் எனக்குப் புரியுது. துக்கத்துல மனுஷனுக்கு முழுங்கற மாதிரி எல்லாம் தோணும். நீங்க நல்லாச் சாப்பிடுங்க. தூங்குங்க."

மூன்றாம் விசாரணைக்கு முன்னால் நிர்வாக அதிகாரி வயசு ரூமுக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டு, சுவரில் இருந்த ஜன்னல் தாழ்ப்பாள் போட்டிருக்கிறதா என்று பழக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"சார், உங்களைப் பார்த்தா மனசு கேக்கல. ஒரு வழி இருக்கு. இரும்பு ரூமை வயசு ரூமோட இணைச்சுடலாம்னு இயக்குநர் நினைக்கிறார். எப்படியும் அங்க ஆள் இல்லை. இணைச்சுட்டா இரும்புக்கும் நீங்கதான் பொறுப்பு. அந்த நட்சத்திரத்தோட இரும்பை நீங்க அளந்ததா மாத்திக்கலாம். அப்ப அளந்தவர் வரலைங்கற பேச்சே எழாது. நட்சத்திரம் நிக்கும்."

"அது அவங்க அளந்தது."

"அளவு மாறாது சார். அதே அளவுதான். பேருதான் மாறும்."

"அந்த ஒண்ணுக்கு மட்டுமா?"

"அந்த ஒண்ணுதான சார் பிரச்சினை?"

அன்று ராத்திரி மகளுக்கு ஃபோன் போட்டுச் சொன்னார்.

"அம்மா இருந்தா என்ன சொல்வாங்க?" என்றாள் மகள்.

"'பேரா முக்கியம், இரும்பு சரியா இருக்கா பாருங்க'ம்பா."

"அப்ப போடுங்கப்பா. அதுவாவது நிக்கட்டும்."

அவர் சம்மதித்தார்.

மூன்றாம் விசாரணையிலும் இரண்டு நாற்காலிகள்தான். அதை மாற்ற விதியில் இடமில்லை.

"வயது அளந்தவர்?"

"வந்திருக்கேன்."

"இரும்பு அளந்தவர்?"

"வந்திருக்கேன்."

"அந்த நாற்காலியில இருந்து சொல்லணும் சார்," என்றார் நிர்வாக அதிகாரி.

வயசு சார் எழுந்தார். நகர்ந்து போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தனை வருடம் அவள் உட்கார்ந்த நாற்காலி. உயரம் குறைத்து வைத்திருந்தாள். அவருடைய முழங்கால் மேசையில் இடித்தது.

"இரும்பு அளந்தவர்?"

குழு காத்திருந்தது. நிர்வாக அதிகாரியின் விரல் "வரவில்லை" என்ற கட்டத்தின் மேல் நின்றது.

"வந்திருக்கேன்," என்றார் வயசு சார்.

"அளந்தது நீங்கதானா?"

"நான்தான்."

குழுவில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். ஒருவர் லேசாகக் கைகூடத் தட்டினார்.

"ரொம்ப நல்லது," என்றார் தலைவர். "இப்ப ஒரு சின்ன விஷயம்தான் பாக்கி. முன்னாடி ரெண்டு பேர், ரெண்டு விடை. சரி, முரண்பாடு. இப்ப ஒரே ஆள். ஒரே ஆள் ஒரே நட்சத்திரத்தைக் கெழடுன்னும் சொல்லி இளசுன்னும் சொன்னா நல்லாயிருக்காது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வயசு வெச்சுடலாம்."

"அது எப்படிங்க? அது கெழடு. நடுவயசு இல்லவே இல்ல."

"இளசும் இல்லைன்னு நீங்களே சொன்னீங்க."

"அந்த வயசுல, அந்த இரும்புல ஒரு நட்சத்திரம் இருக்கவே முடியாதுங்க. அது எங்கயும் பிறந்திருக்காது."

"அதனாலதான் யாரும் ஆட்சேபிக்க மாட்டாங்க," என்றார் தலைவர் அன்போடு. "நட்சத்திரம் நிக்குது சார். நீங்க கேட்டது அதுதான? இரும்புக் கட்டத்தையும் வயசுக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் சரி பண்ணிடுவாங்க. அது கணினியே பண்ணிடும்."

வயசு சார் இரண்டு நாற்காலிகளையும் பார்த்தார். இப்போது அவருடையது காலியாக இருந்தது.

நிறுவனத்தின் ஆண்டு விழாவில் வேகமாக வளரும் ஆய்வாளர் என்று ஒருவருக்குக் கேடயம் கொடுப்பார்கள். வழக்கமாக வேலைக்குச் சேர்ந்த புதுசில் இருப்பவர்களுக்கு. அந்த வருடம் வயசு சாரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவர் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பக்கத்தில் பார்த்தார்.

"இந்த மனுஷனைப் பாருங்க," என்றார் இயக்குநர் மைக்கில். "ஓய்வு பெறப் போற வயசு. வீட்டுலயும் பெரிய இழப்பு. மத்தவங்களா இருந்தா இடிஞ்சு உக்காந்திருப்பாங்க. இவரோட வேலை ஒரேயடியா ரெண்டு மடங்காயிருக்கு! ரெண்டு பேர் வேலையை ஒத்தை ஆளாப் பார்த்திருக்கார். பார்த்தா நேத்து வேலைக்குச் சேர்ந்த பையன் மாதிரி இருக்கார்."

பின்னால் பெரிய திரையில் அவர் அளந்தவை ஓடின. வயதுகள் ஓடின. பிறகு இரும்புகள் ஓடின. கல்யாணத்துக்கு முன்னால் அவள் அளந்த இரும்பு ஓடியது. மகள் பிறந்த வருடத்து இரும்பு ஓடியது. அவர் ஒருநாளும் தொட்டிராத ஒளிக்கோடுகள் எல்லாவற்றின் பக்கத்திலும் அவர் பெயர் இருந்தது.

மேடையின் ஓரத்தில் நின்ற நிர்வாக அதிகாரியிடம் போனார்.

"அந்த ஒண்ணுக்கு மட்டும்னு சொன்னீங்களே."

"ஒண்ணுக்கு மட்டும் மாத்தக் கணினியில வசதி இல்லை சார். ஆளை மாத்தினா எல்லாமே மாறிடும். நானே அப்புறம்தான் பார்த்தேன்."

"அப்ப அவங்க?"

"யாரு?"

"என் மனைவி. அவங்க பேர்ல என்ன இருக்கு?"

"தேடிப் பார்த்தேன் சார். அந்தப் பேர்ல யாரும் இங்க வேலை பார்த்ததாவே காட்டலை." நிர்வாக அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "ஒரு வகையில நல்லதுதான். அந்த ரெண்டு 'வரவில்லை'யும் சேர்ந்து போயிடுச்சு."

இயக்குநர் மைக்கை அவர் கையில் கொடுத்தார். இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றார். அரங்கம் நிறைந்திருந்தது.

"நான் இளசு இல்லைங்க," என்றார் வயசு சார். "முழுங்கிட்டேன். அதனாலதான் இப்படித் தெரியறேன்."

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. இயக்குநர் குனிந்து மைக்கில் "இணைச்சுக்கிட்டேன்னு சொல்றார்" என்றார். அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது.

கேடயத்தை எடுத்துக்கொண்டு அவர் வயசு ரூமுக்குப் போனார். அன்றே சுவரை இடிக்கச் சொல்லியிருந்தார்கள். கொத்தனார் இடித்து முடித்துவிட்டுச் செங்கல் குவியலின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். தூசி இன்னும் அடங்கவில்லை. இரண்டு அறையும் ஒரே அறையாகிவிட்டது. அவளுடைய மேசை தெரிந்தது. நாற்காலி முதுகில் அவள் குளிருக்குப் போட்டுக்கொள்ளும் சால்வை கிடந்தது. அவர் அந்த அறையை அந்தக் கோணத்திலிருந்து பார்த்ததே இல்லை. ஜன்னல் அளவுக்குத்தான் பார்த்திருக்கிறார்.

நடுவில் ஜன்னல் மட்டும் நின்றது. சட்டத்தின் இரும்புக் கால்கள் தரையில் புதைந்திருந்தன. சுவர் இல்லாத ஜன்னல்.

"அதை எங்களால எடுக்க முடியல சார்," என்றார் கொத்தனார். "நாளைக்கு வெல்டர் வந்து அறுத்துடுவார்."

அவர் கேடயத்தைத் தன் மேசையில் வைத்தார். ஜன்னலுக்கு முன்னால் போய், எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றார். தன் பக்கத் தாழ்ப்பாளை எடுத்தார். தள்ளினார். திறக்கவில்லை. அந்தப் பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் அவள் போட்டது.

கொத்தனார் டீயைக் கீழே வைத்தார்.

"சார், இப்படிச் சுத்தி வந்தா அந்தப் பக்கம் நீங்களே எடுத்துடலாமே. சுவர்தான் இல்லையே."

வயசு சார் நகரவில்லை. விரலை மடக்கி ஜன்னலில் தட்டினார்.

"நான் சொல்லிட்டேன்மா. நீ சொல்லு."